கோடையில் கையெழுத்து, மழையில் பில்: தண்ணீர்த் திட்டங்களில் தனியாரைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை (எஸ்.டி.பி.) ஒரு நிறுவனத்திடம் பராமரிப்புக்கு விட்டபோது சங்கச் செயலாளராக இருந்தவன் நான். மூன்றே பக்க ஒப்பந்தம். மாதம் இவ்வளவு பணம், ஷிப்டுக்கு ஓர் ஆபரேட்டர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. கரண்ட் பில் எங்கள் தலையில் என்பதும் அதில் இருந்தது. ஆனால் எத்தனை யூனிட்டுக்குள் ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஆறு மாதம் கழித்துத்தான், தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் தேவையில்லாத நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஓட்டுகிறவருக்கு நிறுத்துவதால் என்ன லாபம்?

நகர அளவில் நடக்கும் தவறுகளும் இதே குடும்பம்தான். தொகையில் பூஜ்ஜியங்கள் கூடும், ஒப்பந்தம் 25 வருடத்துக்கு ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் பெயர்க் குழப்பம். தனியார் வந்தாலே தண்ணீரை விற்றுவிட்டார்கள் என்று ஒரு பக்கம் கத்துவதும், தனியார் வந்தாலே திறமை வந்துவிடும் என்று மறுபக்கம் நம்புவதும் பழகிவிட்டது. இரண்டு பேருமே ஒப்பந்தத்தைத் திறந்து பார்ப்பதில்லை. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் திறக்கப்பட்ட கடல்நீர் குடிநீராக்கும் நிலையத்தில் தனியாரே முதலீடு செய்து, கட்டி, ஓட்டி, 25 வருடம் சென்னைக் குடிநீர் வாரியத்துக்குத் தண்ணீர் விற்பது என்று ஒப்பந்தம். 2013-ல் திறந்த நெம்மேலி நிலையமும் அதே கொள்ளளவுதான், நாளுக்கு 10 கோடி லிட்டர். ஆனால் அது அரசுப் பணத்தில் கட்டியது, தனியார் கட்டிக்கொடுத்து ஓட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிக் கடலோரக் கட்டடங்கள். நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்ற கேள்வியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றைப் பற்றிய புகாரை இன்னொன்றின் மேல் சுமத்தக்கூடாது.

அடுத்ததுதான் பெரிய தவறு. இவ்வளவு தண்ணீர் வாங்குவோம் என்று அளவுக்கு உத்தரவாதம் கொடுப்பதைச் சொல்கிறேன்.

மீஞ்சூர் ஒப்பந்தம் 2005-ல் போடப்பட்டது. அதற்குச் சற்று முன், 2003-04-ல், ஏரிகள் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. அந்தத் தாகத்தில் பேசிய பேரம் இது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒப்புக்கொண்ட அளவுக்குப் பணம் தர வேண்டும் என்பது இந்த வகை ஒப்பந்தங்களின் அடிப்படை. தொடக்கத்தில் விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. முழு அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 48 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய் வரும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பி வழிந்தபோதும் ஒப்பந்தம் ஒப்பந்தமாகத்தான் இருந்தது. அப்புறம் 2019 கோடையில் ஏரிகள் தரைதட்டி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, இந்தக் கடல்நீர்தான் நகரத்தைத் தாங்கிப் பிடித்தது. மழை வருடத்தில் தண்டச் செலவு என்று திட்டியவர்கள் அந்தக் கோடையில் வாய் திறக்கவில்லை. நானும் திட்டியவர்களில் ஒருவன்.

ஆகவே உத்தரவாதமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. அதை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம். கல்யாண மண்டபத்துக்கு வாடகை வேறு, இலைக் கணக்கு வேறு. நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் வாடகை மாறாது, சாப்பாட்டுக்கு மட்டும் இலையை எண்ணிக் கொடுப்போம். அதே மாதிரி நிலையத்தைத் தயாராக வைத்திருக்க ஒரு கட்டணம், உற்பத்தியாகும் தண்ணீருக்கு இன்னொரு கட்டணம் என்று பிரித்துவிட்டால், ஏரி நிரம்பிய வருடத்தில் மின்சாரச் செலவாவது மிஞ்சும். அது சின்னத் தொகை இல்லை. கடல்நீரை உப்பைப் பிரிக்கும் சவ்வு வழியாக அழுத்தி ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போகும். எத்தனை யூனிட்டுக்குள் எடுக்க வேண்டும் என்ற உச்சவரம்பையும் ஒப்பந்தத்திலேயே கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ப்ளோயர் கதைதான்.

வாங்குபவரின் தேவை 30 வருடமும் மாறாது என்று நம்புவது இதன் தம்பி. திருப்பூரில் நாளுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் பெரும்பாலும் சாயப்பட்டறைகளை நம்பிப் போட்டது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற நிபந்தனை வந்தது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தவர்கள் தங்கள் கழிவையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த, புதுத் தண்ணீரின் தேவை குறைந்துபோனது. ஆற்றுக்கு நல்லது, தண்ணீர் விற்ற கம்பெனிக்கு அடி. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை, அதாவது வழக்கமான சுத்திகரிப்புக்கு மேலும் ஒரு படி சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்கும் நிலையங்கள் தலா 4.5 கோடி லிட்டருக்குக் கட்டப்பட்டிருக்கின்றன. மணலி ஆலைகள் 1990-களிலிருந்தே சுத்திகரித்த கழிவுநீரை வாங்கிப் பழகியவை என்பதால் இங்கே சந்தை புதிதில்லை. இருந்தாலும் ஒவ்வோர் ஆலையும் பத்து வருடம் கழித்து எவ்வளவு எடுக்கும் என்பதை எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

கழிவுநீர்த் திட்டங்களில் மட்டும் வரும் ஒரு தவறு உண்டு. உள்ளே என்ன வருகிறது என்று பார்க்காமல் நிலையத்தை வடிவமைப்பது. மே மாதத்தில் ஒரு வாளிக் கழிவுநீரைச் சோதனைக்கு எடுத்து, அந்த முடிவை டெண்டரில் போட்டுவிடுவார்கள். ஐப்பசியில் மேன்ஹோல் வழியாக மழைநீர் புகுந்து அளவு எகிறும். தொழிற்பேட்டை பக்கம் ரசாயனமும் கலக்கும். பிறகு ஓட்டுகிறவர் "நீங்கள் சொன்ன கழிவு வேறு, வருவது வேறு" என்பார், அதற்கு டெண்டர் போட்டவர்களிடம் பதில் இருக்காது. எங்கள் குடியிருப்பில் தீபாவளிக்கு முன் எல்லா வீட்டிலும் ஆசிட் ஊற்றிக் கழிவறை கழுவுவார்கள். தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்து ஒரு வாரம் நாறும். மழைக்காலம், கோடை இரண்டிலும் மாதிரி எடுங்கள், அளவுமானியை இரண்டு முனையிலும் வையுங்கள்.

மக்களைக் கடைசியில் நினைப்பது அடுத்தது. இதற்கு நல்ல பாடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990-களின் கடைசியில், பாதாளச் சாக்கடைத் திட்டம் போட்டார்கள். ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவர். குழி தோண்டும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டார்கள். கொடுத்துவிட்டு வேலை நடக்காமல் போனால் என்ன செய்வது என்ற சந்தேகம் யாருக்கும் வரத்தான் செய்யும். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசித்தான் வசூலித்தார்கள். குழாய் பதிப்பதை வழக்கமான வேலை ஒப்பந்தமாக விட்டு, சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் தனியார் முதலீட்டில் கட்டி ஓட்டச் சொன்னார்கள். தெருவுக்கடியில் பாறை இருக்குமா, பழைய கேபிள் இருக்குமா என்று யாருக்கும் தெரியாத இடத்தில் முதலீட்டாளரைச் சிக்கவைத்தால் அவர் விலையை ஏற்றித்தான் கேட்பார். அந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பணம் கட்டியவர் இணைப்பு வாங்காமல் விடமாட்டார், அதனால் நிலையத்துக்குக் கழிவுநீர் வரும் என்ற நம்பிக்கையும் டெபாசிட்டோடு வந்துவிட்டது.

நிறுவனத்தின் பெயர் பெரியது என்பதற்காக நிம்மதியாக இருக்கவும் முடியாது. மீஞ்சூரில் இந்தியக் கட்டுமான நிறுவனமான ஐ.வி.ஆர்.சி.எல்.லும் ஸ்பெயினின் பெஃபேசாவும் சேர்ந்திருந்தன. பெஃபேசாவின் தாய்க் குழுமமாக இருந்த அபெங்கோவா 2015-ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டது. ஐ.வி.ஆர்.சி.எல். 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதற்குப் பிறகும் 2019 வறட்சியில் நிலையம் ஓடியது. அந்தத் திட்டத்துக்கென்று தனிக் கம்பெனி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்: தனிக் கம்பெனியா, அதன் வருமானத்தைத் தாய்க் கம்பெனி எடுத்துக்கொள்ள முடியுமா, ஓட்டுகிறவர் கைவிட்டால் வாரியம் உள்ளே நுழைந்து ஓட்ட உரிமை உண்டா.

கடைசியில், ஒப்படைப்பு. 25 வருடம் முடிகிற காலம் தூரத்தில் இருப்பதால் யாரும் அந்தப் பக்கங்களை ஊன்றிப் படிப்பதில்லை. மீஞ்சூருக்கு ஒப்பந்தப்படி அது 2035 வாக்கில் வரும். கடைசி மூன்று நான்கு வருடத்தில் சவ்வு மாற்ற, பம்ப் மாற்ற ஓட்டுகிறவருக்கு மனம் வராது, வீட்டைக் காலி செய்யப்போகிற வாடகைதாரர் சுவருக்கு வெள்ளையடிக்க மாட்டார் அல்லவா? அதற்குள் கூட்டு ஆய்வு, குறைகளின் பட்டியல், சரிசெய்யும் வரை பிடித்துவைக்கும் பணம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும்.

எங்கள் எஸ்.டி.பி.யை ஓட்டிய நிறுவனம் கிளம்பிய அன்று ப்ளோயர் அறைச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். லாக் புக்கைக் கேட்டு நான்கு முறை போன் செய்தேன். இன்னும் வரவில்லை.