கரையில் ஒட்டப்போகும் போஸ்டர்: ஆவுளியாவை வைத்து ஒரு செய்முறை

டிசைன் படிக்க வந்திருக்கும் முதல் வருஷ மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். விழிப்புணர்வு போஸ்டர் ஒன்று செய்து வரச்சொல்லி உங்களுக்கும் ஒருநாள் வேலை கொடுப்பார்கள். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊருக்குப் பக்கத்துப் பெண் என்பதால் கடல் பசுவை, எங்கள் கரையில் சொல்கிற ஆவுளியாவை, எடுத்துக்கொண்டேன். நிறம், எழுத்தமைப்பு, இடைவெளி என்று வகுப்பில் படிப்பதெல்லாம் தேவைதான். ஆனால் போஸ்டர் ஒட்டப்போகிற சுவரைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தப் படிப்பு எதற்கும் பிடிப்பு கிடைக்காது. அதனால் முதல் படி வெளியில்தான்.

1. சுவரைப் போய்ப் பாருங்கள்

ஓர் அளவு டேப், ஒரு நோட்டு போதும். மீன் இறங்குதளத்தில் விசைப்படகு கரைக்கு வருகிற நேரத்தில் போய் நின்று பாருங்கள். கூடையும் ஐஸ் பெட்டியுமாக ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். நின்று படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதே ஊரில் வலை பின்னுகிற கொட்டகையிலோ டீக்கடையிலோ மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஏலக்கூடத்துத் தூணில் ஒட்டுவதற்கு ஒரு வரி போதும். டீக்கடைச் சுவர் என்றால் நாலு வரி கூடுதலாகச் சொல்லலாம். எந்த இடம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அடுத்த படி.

ஆள் நடக்கிற பாதைக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 10 அடி தூரத்துக்கு எழுத்து 1 அங்குல உயரம் என்பது விளம்பரப் பலகைத் தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. வெயில் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு வரும்போது அது வேண்டும்.

2. விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆவுளியா மீன் இல்லை, பாலூட்டி. 3 மீட்டர் வரை வளரும். கடல்புல்லை மேய்ந்து வாழும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான், அடுத்த ஈற்றுக்குப் பல வருஷம் ஆகும். அதனால் ஒன்று செத்தாலும் ஈடுகட்ட நாளாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் இது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2022இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இதெல்லாம் போஸ்டரில் ஏறாது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எதை விடுவது என்று அப்போதுதான் புரியும்.

படம் எடுப்பதில்தான் பெரிய கவனம் வேண்டும். நெட்டில் கடல் பசு என்று தேடினால் வருகிற படங்களில் பல மனாட்டியுடையவை. அது அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிற உறவுக்கார விலங்கு, நம் கடலில் கிடையாது. வாலைப் பாருங்கள். மனாட்டிக்கு வால் துடுப்பு மாதிரி வட்டமாக இருக்கும், ஆவுளியாவுக்கு இரண்டாகப் பிளந்திருக்கும். நிழலுருவமாக வரைந்தால் இன்னொரு சிக்கல் வரும். என் வரைபடத்தைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் காட்டியபோது, "இது ஓங்கல் மாதிரியில்ல இருக்கு தாயி" என்றார். டால்பினுக்கு முதுகில் துடுப்பு உண்டு, ஆவுளியாவின் முதுகு வழவழவென்று இருக்கும். "மூஞ்சியைக் கீழ மடக்கிப் போடு, மேயுற வாய் அது" என்று அவரே வழியும் சொன்னார். முதுகில் ஒன்றும் இல்லாமல், வாய் கீழ்ப்பக்கம் திரும்பி, வால் பிளந்து இருந்தால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும். கடலுக்குப் போகிறவர்கள் பார்க்கிற போஸ்டரில் விலங்கு தப்பாக இருந்தால் மீதி எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

3. தலைப்பு வரியை எழுதுங்கள்

'கடல் வளம் காப்போம்' என்று எழுதாதீர்கள். யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒன்றும் இல்லை. செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்:

வலையில் ஆவுளியாவா?
உடனே விட்டுடுங்க.
அது மூச்சுவிட மேலே வரணும்.

முதல் இரண்டு வரி பெரிதாக, மூன்றாவது அதில் பாதி அளவு. பேச்சுமொழியில் இருக்கிறதே என்று ஆசிரியர் கேட்டால், படிக்கப்போகிறவர் யார் என்று சொல்லுங்கள். சட்டத்தையும் தண்டனையையும் தலைப்பில் வைக்காதீர்கள். ஆவுளியாவை விடுவதற்கு வலையை அறுக்க வேண்டிவந்தால் நஷ்டம் மீனவருக்குத்தான். அவரைக் குற்றவாளியாக நிறுத்திப் பேசுகிற போஸ்டர் அவர் ஊரில் ஒட்டத் தகுந்தது இல்லை. உயிரோடு விடுகிறவர்களைப் பாராட்டி வனத்துறை ஊக்கத்தொகை கொடுக்கிறது. அதைக் கீழே, தகவல் சொல்ல வேண்டிய போன் நம்பரோடு போடுங்கள்.

4. குட்டிப் படங்கள்

தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு, படம் எங்கே, எழுத்து எங்கே என்று பென்சிலால் வேகமாக வரையுங்கள். அழகு பார்க்க வேண்டாம். அந்த அளவிலும் எது முக்கியம் என்று தெரிகிற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

5. ஃபைல் திறப்பது

ஏ3 அளவு 297 × 420 மில்லிமீட்டர். வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் விடுங்கள், அதாவது பின்னணி நிறத்தை வெட்டுகிற கோட்டுக்கு வெளியேயும் அவ்வளவு நீட்டிவிடுங்கள். போட்டோ வைத்தால் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும்; முழுப் பக்கத்துக்கு 3508 × 4961 பிக்சல். வாட்ஸ்அப்பில் வந்த படம் இதற்குத் தாங்காது. நிழலுருவத்தை வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவமாக, வரைந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

6. தமிழ் எழுத்தை வைப்பது

ஆரம்பத்தில் எல்லாரும் திணறுகிற இடம் இது, நிதானமாகச் செய்யுங்கள்.

யூனிகோட் எழுத்துருவையே, அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற வகையை, எடுங்கள். முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், பலூ தம்பி மூன்றும் இலவசம், மூன்றிலும் தடித்த வடிவம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக்கிடக்கும்.

இல்லஸ்ட்ரேட்டர் என்கிற டிசைன் மென்பொருளில் 'மே' என்று அடித்து, கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றால் பதற வேண்டாம். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அப்புறம் பாராகிராஃப் பேனலின் மெனுவில் சவுத் ஏஷியன் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான இங்க்ஸ்கேப் இலவசம், அதில் தமிழ் தானாகவே ஒழுங்காக வரும்.

எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டாதீர்கள். ஆங்கிலத் தலைப்புகளில் அது எடுப்பாக இருக்கும். தமிழில் 'மொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்தே பிரிந்துவிடும். வரிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விடுங்கள். மேல் வரியில் 'மூ' கீழே இறங்கும், கீழ் வரியில் 'வி' மேலே வளையும், இரண்டும் முட்டிக்கொள்ளக் கூடாது. வரியை அர்த்தம் முடிகிற இடத்தில் மடக்குங்கள், பெட்டி முடிகிற இடத்தில் அல்ல.

எழுத்துரு அளவு 72 என்று போட்டால் 1 அங்குலம் என்று நினைக்காதீர்கள். கொம்பு, கால், சுழி எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியது போகத்தான் 'ப' வரும். பிரிண்ட் எடுத்து, ஸ்கேலால் 'ப'வின் உயரத்தை அளந்து, அதற்கேற்ப அளவைக் கூட்டுங்கள்.

7. நிறம்

கடல் என்றாலே நீலப் பின்னணி போடுகிறோம். இங்கே வானம் நீலம், தண்ணீர் நீலம், படகுகளிலும் நீலம் நிறைய. நடுவில் ஒரு நீலத் தாள் கண்ணில் படாது. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக்கு இன்னொரு பலமான காரணமும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பழைய சினிமா போஸ்டர்களைக் கவனியுங்கள், எல்லாமே நீலம் பூத்திருக்கும். அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளிறும். சிவப்பு அந்த இரண்டும் சேர்ந்து வருவது. அதனால் 'உடனே' என்ற சொல்லைச் சிவப்பில் அடித்தால், படிக்கவேண்டிய சொல்தான் முதலில் மறையும். மஞ்சள் வெளிறி வெள்ளையானாலும் கறுப்பு எழுத்து படிக்கக் கிடைக்கும். முதல் படியில் வெயிலைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

8. ஒட்டிப் பாருங்கள்

வீட்டு பிரிண்டரில் ஏ4 தாள்களாக எடுத்து, சேர்த்து ஒட்டி, உண்மையான இடத்திலேயே டேப் போட்டு மாட்டுங்கள், இடத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். மத்தியான வெயிலில் பாருங்கள், விடியற்காலையில் டியூப்லைட் வெளிச்சத்திலும் பாருங்கள். அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம் "இதுல என்ன போட்டிருக்குண்ணே?" என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் பாவம் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே வந்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும்.

9. அச்சுக்குக் கொடுப்பது

அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் மாறாமலிருக்க எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவங்களாக, மாற்றுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்', இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. அதற்கு முன்னால் திருத்தக்கூடிய ஃபைலைத் தனியாகச் சேமியுங்கள், மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. பிடிஎஃப் ஆக, பிளீடோடு கொடுங்கள். திரையில் தெரிந்த மஞ்சளும் தாளில் விழும் மஞ்சளும் ஒன்றாக இருக்காது, ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் தாள் ஊறும் என்பதால் இரண்டு பக்கமும் லேமினேஷன் போடுவது நல்லது. மொத்தமாக அடிக்கச் சொல்வதற்கு முன், போஸ்டரில் இருக்கிற போன் நம்பரை நீங்களே அடித்துப் பேசி, எடுக்கிறவர் வனத்துறை ஆள்தானா, ராத்திரியிலும் எடுப்பார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.