என்95 தலைவலி: கோளாறு கொண்டையில் இருந்தது

டர்பனில் காசநோய் வார்டு நர்ஸ் நான். உள்ளே போனால் என்95 மாஸ்க் கட்டாயம். மதியத்துக்குள் வலது நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். மாஸ்க்கைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தேன், கழிவறைக்கு நடந்ததுதான் மிச்சம். பாராசிட்டமால் சற்று நேரம் தாங்கும். கண்ணாடி பவரும் மாறவில்லை. விட்ட மூச்சையே திரும்ப இழுப்பதால் வருகிறது என்றார்கள். அப்படியானால் ஒரு பக்கம் மட்டும் ஏன் வலிக்கிறது?

துப்பு கொடுத்தது தோலில் விழுந்த தடம். மாஸ்க்கைத் தலையில் பிடித்துவைக்கும் இரண்டு பட்டைகளில் மேல்பட்டையின் தடம் உச்சந்தலையில் இல்லை. வலது காதுக்கு மேலே, மூக்குக்கண்ணாடிக் காம்பின் தடத்தைக் குறுக்கே வெட்டி ஓடியது. விரலால் அழுத்தினால் அதே வலி. உயரத்தில், வலப்பக்கம் சாய்ந்திருந்த என் கொண்டை பட்டையைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது கொண்டையைத் தாழ்த்தி, இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் போடுகிறேன். மேல்பட்டை உச்சியில், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில். கண்ணாடி கடைசியில்தான். பிறகு கைகளால் பொத்தி ஊதி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்த்துவிடுவேன். பட்டையை இழுத்துத் தளர்த்தச் சொல்வார்கள். கேட்காதீர்கள், காசநோய்க் கிருமிக்கு அந்த இடைவெளி போதும்.

தலைவலி போய்விட்டது. மூக்குத்தண்டுப் புண் மட்டும் பாக்கி.