விலங்குக் காப்பகத்துக்குக் கைகொடுக்கப் போகிறீர்களா? பால் பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் நாலு பாக்கெட் பாலும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில், வாய்க்கால் கரையோரம் ஒரு தகரக் கொட்டகை, சுற்றிலும் கம்பிவலை. பொறுப்பிலிருந்த அக்கா பையைத் திறந்து பார்த்தார். "நல்லதாப் போச்சு தம்பி, காலையிலேர்ந்து யாரும் காபி குடிக்கல" என்று பாலை அடுப்பில் ஏற்றிவிட்டார். பிஸ்கட்டும் வந்திருந்தவர்களுக்கே போனது. எனக்குக் கிடைத்தது ஒரு தென்னந்துடைப்பம்.

கோபம்கூட வந்தது. பசியோடு கத்திக்கொண்டிருந்த குட்டிகளுக்கு ஒரு கிண்ணம் பால் ஊற்றினால் என்ன குறைந்துவிடும்? குட்டியே குறைந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் சரியாகச் செரிக்காது. வயிற்றுப்போக்கு பிடிக்கும். மூன்று வாரக் குட்டியின் உடம்பில் இருக்கும் தண்ணீரே கொஞ்சம். அது வற்றுவதற்கு ஒரு பகல் போதும். தாயில்லாத குட்டிகளுக்கென்றே பால் பவுடர் இருக்கிறது. அதையும் எடுத்தவுடன் புகட்டக் கூடாது. உடம்பு சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு முதலில் சூடு ஏற்ற வேண்டும், அப்புறம்தான் பால். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற, தாயிடம் குடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

அந்தக் கொட்டகையில் இத்தனை வருடமாக நான் பார்த்த தவறுகளில் கெட்ட எண்ணத்தில் நடந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஆர்வக்கோளாறுதான்.

அதில் ஆபத்தானது, ஊசி போட்டுக்கொள்ளாமல் போவது. நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்பார்கள், தனக்குப் போட்டோமா என்று யோசிக்க மாட்டார்கள். அடிக்கடி விலங்குகளோடு பழகப் போகிறவர்கள் கடி படுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். இப்படிப் போட்டிருந்தால் பின்னால் கடி பட்டாலும் அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். போடாதவருக்கு ரத்தம் வருகிற மாதிரி கடி பட்டால், முழுத் தவணையோடு காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் மருந்தும் ஏற்ற வேண்டியிருக்கும். எதுவானாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, எருக்கம்பால் எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனை. "சின்னக் கீறல்தானே, குட்டிதானே" என்று வீட்டுக்குப் போகிறவர்களைத்தான் பார்த்தால் பயமாக இருக்கிறது. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பது அநேகமாகக் கிடையாது.

வெறிநாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு துரத்தி வந்து கடிக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊமை வெறி என்று ஒன்று உண்டு. நாய் சத்தம் போடாமல் ஒரு மூலையில் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், தண்ணீரை விழுங்க முடியாமல் தவிக்கும். பார்க்கிறவருக்கு, பாவம், தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டதோ என்று தோன்றும். விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார். அங்கே கடியே தேவையில்லை, கையில் இருக்கும் கீறலில் அந்த எச்சில் பட்டாலே போதும். மாட்டிலும் இப்படித்தான். தீனி இறங்கவில்லை, மாங்கொட்டை அடைத்துக்கொண்டது என்று முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார்கள். வாயைத் திறந்துகொண்டு எச்சில் ஒழுக நிற்கிற எந்த விலங்கின் வாயிலும் கை வைக்காதீர்கள். கால்நடை மருத்துவர் வரட்டும். தமிழ்நாட்டில் கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் சாக்குச் சொல்ல இடமில்லை.

சுத்தம் செய்வதில் என்ன தவறு வந்துவிடப்போகிறது என்று நானும் கேட்டிருக்கிறேன். வரிசை தப்பினால் எல்லாமே தவறு. நோயில்லாத குட்டிகளின் கூண்டிலிருந்து தொடங்கி, பெரிய நாய்களுக்குப் போய், நோய்ப் பகுதியைக் கடைசியில் தொட வேண்டும். புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? "எது ரொம்ப மோசமா இருக்கு?" என்று கேட்டு நோய்ப் பகுதிக்குத்தான் முதலில் போவார். அங்கே பார்வோ என்ற வைரஸ் நோய் கண்ட குட்டி ஒன்றைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு, அதே செருப்போடு, நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குட்டிகளிடம் வருவார். ஒரு வாரம் கழித்து அங்கேயும் ரத்தபேதி. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் அதைக் கொல்லாது. அழுக்கை நன்றாகக் கழுவிவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட வேண்டும். பூனைகள் இருக்கும் பக்கம் பினாயிலைக் கொண்டே போகாதீர்கள். தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்கும். பினாயிலில் இருக்கும் பீனால் அதன் உடம்பில் கழியாது, நஞ்சாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு கவலை. கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், வயல் எலிகள் மேட்டைத் தேடி உள்ளே வரும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமில்லை, நாய், மாட்டுச் சிறுநீரிலும் வரும். காலில் வெடிப்பு இருந்தால் அந்தத் தண்ணீரில் நின்றாலே போதும். ஆகவே ரப்பர் பூட்ஸ். "நாங்க நடவு வயல்ல வெறுங்காலோட நின்னவங்க" என்று பெருமை பேசுகிறவர் எங்களிடமும் உண்டு. வேலை முடிந்தால் உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். நாயின் சொறியும் பூனைக்குட்டியின் படர்தாமரையும் மனிதருக்கு ஒட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். முகூர்த்த நாள் சாயங்காலம் கல்யாண மண்டபத்திலிருந்து போன் வரும்: "சாம்பார் சாதம் ரெண்டு அண்டா மிஞ்சிடுச்சு, அனுப்பட்டுமா?" நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணி என்றால் வெந்த எலும்பு வேறு. அது ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். எங்கள் அடுப்பில் குருணையும் கோழித்தலை, கோழிக்காலும்தான் வேகும். உப்பு, காரம் கிடையாது. எலும்பைத் தனியே எடுத்த பிறகே தட்டுக்குப் போகும். பல நாள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு அதையும் வயிறு நிறையப் போடக் கூடாது. உடம்பின் உப்புச் சமநிலை திடீரென்று மாறி இதயமே நின்றுபோகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு நாலைந்து வேளை. "இவ்ளோதான் வைப்பீங்களா, கல்நெஞ்சம்" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள்.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குத்தான் உண்மையில் கண்டம். வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தூக்குவாளிப் பொங்கல், ஒரு சீப்பு வாழைப்பழம். ஒருவர் கொடுப்பது கொஞ்சம்தான், முப்பது பேர் கொடுப்பதை மாடு கணக்கு வைத்துக்கொள்ளாது. அரிசிச் சோறும் வெல்லமும் இரைப்பையில் ஒரேயடியாகப் புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நிற்கும், இடது விலா உப்பும், மாடு படுத்துவிடும். நேரத்தில் வைத்தியம் கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். நாக்கில் தடவுகிற அளவு பொங்கல் போதும், மீதிக்கு ஒரு கட்டு வைக்கோலோ பசும்புல்லோ வாங்கிப் போடுங்கள். பழத்தைப் பாலிதீன் பையோடு நீட்டவும் வேண்டாம். எங்களிடம் வேலையிலிருந்து ஓய்ந்த உம்பளச்சேரி மாடுகளும் வருவதுண்டு. சேற்று வயலில் உழுவதற்கென்றே பேர்போன இனம். காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவது இந்தப் பக்க வழக்கம் என்பதால் மொட்டையாக நிற்கும். கொம்புதான் இல்லை, கால் இருக்கிறது. பின்பக்கமாகப் போகாதீர்கள்.

மருந்து விஷயத்தில் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். காய்ச்சலாக இருக்கிறதே என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால், நமக்குத் தலைவலிக்குப் போடும் அந்த ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும். இன்னொன்று, புழு வைத்த புண். அதைப் பார்த்ததும் நம் ஊரில் கை தானாக மண்ணெண்ணெய், பெட்ரோல், இல்லையென்றால் சம்பா பயிருக்கு அடிக்க வாங்கிவைத்த பூச்சிமருந்தைத் தேடிப் போகும். புழு செத்துவிடும். அப்புறம் நாய் அந்தப் புண்ணை நக்கும். கால்கள் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி, "வெறி பிடிச்சிடுச்சு" என்று அடித்தே கொல்லப்பட்ட நாய் ஒன்றை எனக்குத் தெரியும். அதற்கு வெறி இல்லை. அதன் முதுகில் யாரோ மருந்து ஊற்றியிருந்தார்கள்.

நாயோடு பழகுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, மேலே குனிந்து, தலையில் கை வைக்காதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அதுவே வரட்டும். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் அது கொடுக்கும் முன்னறிவிப்பு. அதட்டி அதட்டி அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்.

நான் செய்ததில் எனக்கே இன்னும் உறுத்துவது ஒரு போட்டோதான். பூனைக்குட்டிகள் மூன்று சாக்கில் சுருண்டு தூங்குவதை எடுத்து, காப்பகம் இருக்கும் இடத்தையும் குறித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். எல்லோரும் இதயம் போட்டார்கள். அடுத்த வாரம் வாசலில் இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒன்றில் பூனைக்குட்டிகள், இன்னொன்றில் கண்கூடத் திறக்காத ஐந்து நாய்க்குட்டிகள். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "படம் நல்லா எடுத்திருக்க தம்பி" என்று மட்டும் சொன்னார். படம் போடுங்கள், தத்துக்கு ஆள் கிடைக்கும். இடத்தை மட்டும் போடாதீர்கள்.

ஒரு தெருவின் நாயைக் கொண்டுபோய் இன்னொரு தெருவில் விடுவதும் சிலருக்குச் சேவையாகப் படுகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காதில் சின்னதாக ஒரு வெட்டு தெரிந்தால் அது கருத்தடை முடிந்த நாய் என்று அர்த்தம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எப்படியானாலும் அது உள்ளாட்சி பார்க்க வேண்டிய வேலை, நாம் சாக்கோடு கிளம்ப வேண்டியதில்லை. அதேபோல கிளி, கீரி, நட்சத்திர ஆமை யாராவது கொண்டுவந்தால் ஆசையாக வாங்கி வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால், மாட்டையும் நாயையும் பத்திரமாக இருக்கட்டும் என்று இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுவது இன்னொரு தவறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தகரக் கூரைகள் காகிதமாகப் பறந்ததை இந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. தண்ணீர் ஏறினாலும் கூரை விழுந்தாலும் கட்டிக் கிடப்பதால் தப்பிக்க முடியாது. கயிற்றை அவிழ்த்து மேட்டில் விடுவதுதான் முறை.

பொங்கல் விடுமுறை, பிறந்தநாள், அப்பா திதி என்று வருகிறவர்களால் எங்களுக்கு அந்த நாட்களில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேர் ஒரு நாயைக் குளிப்பாட்டினோம். அந்த நாய் அதற்கப்புறம் என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. ஆகவே கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு, எந்தக் கிழமை ஆள் இல்லை என்று கேளுங்கள். எங்கள் கொட்டகையில் அது செவ்வாய். வரும்போது ஒரு சிப்பம் குருணையும் பழைய வேட்டி நாலும் இருந்தால் போதும். பால் வாங்கி வந்தாலும் பாதகமில்லை, காபிக்கு ஆகும்.