நர்சிங் சேரும் முன் பதிவு எண்ணைப் பற்றி விசாரியுங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எனக்கு போன் ஓயாது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், ஒரு காலத்தில் வார்டில் படுத்திருந்து குணமாகிப் போனவர்கள். "சிஸ்டர், பொண்ணு நர்சிங் படிக்கணும்னு சொல்லுது, எந்த காலேஜ் நல்லா இருக்கும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடுத்து ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் வசதி. படித்து முடித்ததும் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று கேட்டவர்களை என் இருபது வருட சர்வீஸில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தமிழ்நாட்டில் ஒருவர் நர்ஸாக வேலை பார்க்க, சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். 1926-ஆம் வருடத்துச் சட்டம் அது. இன்றைக்கு நேற்று வந்ததில்லை. பெயருக்குப் பின்னால் ஆர்.என்.ஆர்.எம். என்று போட்டுக்கொள்கிறோமே, பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறு செவிலியர், அது இந்தப் பதிவைக் குறிப்பதுதான். அதற்குப் போக இரண்டு வழிகள்தான் உண்டு: மூன்று வருட ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) டிப்ளமா, அல்லது நாலு வருட பி.எஸ்சி. நர்சிங். இரண்டு வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படித்தவர்களுக்கும் பதிவு உண்டு, ஆனால் அது வேறு பதிவேடு. துணை சுகாதார நிலைய வேலைக்கு அது சரியான படிப்பு. அதை வைத்துக்கொண்டு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

மீதி எல்லாம்? "ஒரு வருட நர்சிங் டிப்ளமா", "ஆறு மாத நர்சிங் அசிஸ்டன்ட்", "ஹெல்த் அசிஸ்டன்ட்" என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் போர்டு போட்டிருப்பார்கள். அதில் படித்த ஒரு பெண் எங்கள் மருத்துவமனைக்கு இன்டர்வியூவுக்கு வந்தாள். பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து லேமினேட் செய்த சர்டிஃபிகேட்டை எடுத்து நீட்டினாள். தங்க நிறத்தில் முத்திரை, கீழே மூன்று கையெழுத்து. மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடினேன், எந்தக் கவுன்சிலின் பெயரும் இல்லை. கை சுத்தமான பெண், பி.பி. பார்ப்பாள், டிரஸ்ஸிங் நன்றாகச் செய்வாள். ஆனாலும் உதவியாளர் சம்பளத்துக்குத்தான் எடுக்க முடிந்தது. இரண்டு வருடம் கழித்து, "ஜி.என்.எம். ரெண்டாம் வருஷத்துல சேர முடியுமா சிஸ்டர்?" என்று கேட்டாள். முடியாது. அந்தச் சர்டிஃபிகேட்டைக் காட்டி நேராக இரண்டாம் வருடத்தில் சேரும் வழி கிடையாது, முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பேஷன்ட் கேர் வேலையே போதும் என்று தெரிந்து அந்தப் படிப்பில் சேர்ந்தால் தப்பில்லை. நர்ஸ் ஆகிவிடலாம் என்று நம்பிச் சேர்வதுதான் தப்பு.

இந்தத் தவறு சில வீடுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு நடந்துவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். பொதுப்பிரிவுக்கு அறிவியல் பாடங்களில் 45 சதவீதம். கம்ப்யூட்டர் சயின்ஸோடு கணக்கு குரூப் எடுத்துவிட்டு, ப்ளஸ் டூ முடித்தபின் நர்சிங் ஆசை வந்தால் பி.எஸ்சி. கதவு மூடியிருக்கும். ஜி.என்.எம். மட்டும் திறந்திருக்கும், ஏனென்றால் அதற்கு எந்த குரூப்பும் ஆகும், 40 சதவீதம் போதும். அதை முடித்துவிட்டுப் பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். சுற்று வழிதான், ஆனால் நல்ல வழி. என்னோடு வேலை பார்த்த மிகச் சிறந்த ஐ.சி.யூ. சிஸ்டர்களில் பலர் அப்படி வந்தவர்கள்.

நீட் விஷயத்திலும் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு கவுன்சலிங்கில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். ஆனால் ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி.க்கு நீட் மதிப்பெண் தேவை. பெண்களுக்கு மட்டுமான அந்தப் படிப்பை முடித்தால் அதிகாரியாகவே பணியில் சேரலாம். டாக்டர் சீட்டுக்கு நீட் எழுதி மார்க் குறைந்த பெண்கள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

காலேஜுக்கு வருவோம். கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். மருத்துவமனையைப் பார்க்கப் போங்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, படுக்கைகளில் உண்மையில் நோயாளிகள் படுத்திருக்கிறார்களா? ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. சொந்த மருத்துவமனை இல்லாத காலேஜ்கள் விடியற்காலையில் பஸ் வைத்துப் பிள்ளைகளை வேறெங்காவது கூட்டிப்போகும். ஒரே வார்டில் மூன்று காலேஜ் யூனிஃபார்ம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டிலைச் சுற்றி பதினைந்து பேர். முன்னால் நிற்கும் இரண்டு பேர் கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போடுவதைப் பார்ப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களின் கொண்டையைப் பார்ப்பார்கள்.

பிரசவ வார்டில் இது இன்னும் மோசம். தான் பார்த்த பிரசவங்களை ஒவ்வொன்றாகக் கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். லேபர் ரூமில் இடம் கிடைக்காதவர்கள் சீனியரின் கேஸ் புக்கைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். பெயரும் எடையும் மட்டும் மாறும். தேர்வில் தேறிவிடலாம். ஒரு நைட் டியூட்டியில் டாக்டர் வந்து சேருவதற்குள் குழந்தையின் தலை தெரியும்போது கேஸ் புக் உதவிக்கு வராது. எனவே சேரும் முன்பே அந்தக் காலேஜின் மூன்றாம் வருட, நாலாம் வருடப் பிள்ளைகளைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்களே கையால எத்தனை பிரசவம் பாத்தீங்க?" பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். ஒரே வளாகத்தில் ஜி.என்.எம்.முக்கு அனுமதி இருக்கும், பி.எஸ்சி.க்கு இருக்காது. "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்பார்கள். வந்தபிறகு சேர்ந்துகொள்ளலாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநிலவாரியாக, படிப்புவாரியாகப் பட்டியல் இருக்கிறது. மாநிலக் கவுன்சிலிலும் விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும் பாருங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி.

ஏஜென்ட் மூலமாகப் பக்கத்து மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நல்ல கல்லூரிகள் நிறைய உண்டு. ஆனால் "வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நர்சிங்கை வீட்டிலிருந்து படிக்க முடியாது. அங்கே படித்தால் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்து, பிறகு இங்கே மாற்ற வேண்டும். தடையில்லாச் சான்று, சரிபார்ப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் பதிவை உடனே செய்ய வேண்டும். கல்யாணம், ஊர்த் திருவிழா என்று தள்ளிப்போடுவார்கள். பதிவுத் தேதிக்கு முன் செய்த வேலையை எங்கேயும் அனுபவமாகக் காட்ட முடிவதில்லை. போஸ்ட் பேசிக் முடித்தவர்கள் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிய மறக்கிறார்கள். பிறகு அவசரத்தில் ஓடுவார்கள்.

முதல் வேலையில் நடக்கும் பெரிய தவறு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்களைக் கொடுத்துவிடுவது. நானும் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் இடத்தில், "ரெண்டு வருஷ பாண்ட், ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும்" என்றார்கள், இருபத்திரண்டு வயதில் அது சகஜம் என்று நினைத்துக்கொண்டேன். அரசுத் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது கேட்டால் தரவில்லை. என் அப்பா போய் அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிவந்தார். நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

எங்கே வேலை பார்க்கிறோம் என்பதும் பின்னால் கணக்கில் வரும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர்கள் உடனே எழுதலாம். ஜி.என்.எம். படித்தவர்களுக்கோ குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் வீட்டுக்குப் பக்கம் என்று மூன்று வருடம் ஓட்டியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளும்போது, பொதுப்பிரிவின் 30 வயது வரம்பு நெருங்கியிருக்கும். எய்ம்ஸில் நர்சிங் ஆபீசருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டுமே 44,900 ரூபாய், அதனால் போட்டி கடுமை. பையன்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எய்ம்ஸில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்று இடங்களைப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு. அதில் தேறினாலும் முதலில் தொகுப்பூதியம்தான், காலமுறை ஊதியத்துக்கு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வார்டை விட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள்.

வெளிநாட்டுக்கு வருவோம். பணம் அதிகம் தொலைவது இங்கேதான். ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள். இந்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பிரிட்டனின் நெறிமுறைப்படி வேலை வாங்கித்தர நர்ஸிடம் கட்டணமே வாங்கக் கூடாது. வளைகுடா நாடுகள் உட்பட குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்ப 2015 முதல் அரசு அனுமதித்த முகமைகளுக்குத்தான் உரிமை. நம் ஊரில் அதற்கு ஓ.எம்.சி.எல். இருக்கிறது, தமிழ்நாடு அரசின் நிறுவனம். அங்கே ஒருமுறை கேட்காமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இங்கிலீஷைக் கடைசிக்கு வைப்பது இன்னொரு தவறு. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் தேர்வில் 7 வேண்டும், ரைட்டிங்கில் மட்டும் 6.5 போதும், அல்லது மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வான ஓ.இ.டி. அப்புறம் கம்ப்யூட்டரில் எழுதும் சி.பி.டி. தேர்வு, அங்கே போனபின் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. அமெரிக்கா என்றால் என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியே கற்க வேண்டும், நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 நிலை வரைக்கும். நம் பிள்ளைகள் கேஸ் பிரசன்டேஷனை மனப்பாடம் செய்து ஒப்பித்தே நாலு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஓ.இ.டி. ரைட்டிங்கில் நர்ஸிடம் கேட்பது பெரும்பாலும் ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவருக்கு எழுதும் பரிந்துரைக் கடிதம். தினமும் நர்சஸ் நோட்ஸ் எழுதுகிறோமே, அதைப் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதாமல் சொந்தமாக எழுதினாலே பாதிப் பயிற்சி ஆகிவிடும்.

இதிலெல்லாம் பழைய ஆட்களின் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள், என் பேச்சையும் சேர்த்து. நான் படித்த காலத்தில் ஜி.என்.எம். மூன்றரை வருடம். 2023-இல் நாடாளுமன்றம் புதிய தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது, 1947 சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சிலுக்குப் பதிலாக ஆணையம் என்பது அதன் ஏற்பாடு. சேரும் வருடத்து விதியைக் கவுன்சில் தளத்திலேயே படித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, டிகிரியில் பெயருக்கு முன்னால், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். சவூதி வேலைக்காக, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்திடம் போட்ட ஒரு தோழிக்கு, இது ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே நாலு மாதம் ஆனது. ப்ளஸ் டூ மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கவுன்சில் விண்ணப்பத்தில் பெயரை எழுதுங்கள். எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.