வாட்ஸ்அப், சிக்னல்: அரசு எதைப் பார்க்க முடியும், எதை எப்படி மூடுவது

2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் நபர்களுக்கு இடையிலான உரையாடல்கள் எல்லாமே முழு மறையாக்கத்தில்தான் (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) போகின்றன. நடுவில் ஒட்டுக்கேட்டால் ஒன்றும் புரியாது. ஆனால் அதே உரையாடல் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ மறையாக்கம் இல்லாத பேக்கப்பாகக் கிடந்தால், ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை. அந்த நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு அனுப்பினால் போதும். ஆகவே முதல் வேலை பேக்கப்.

செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்பை இயக்குங்கள். கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தேர்ந்தெடுக்கலாம். கடவுச்சொல் என்றால், 7,776 சொற்கள் கொண்ட டைஸ்வேர் பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஆறு சொற்களை எடுங்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து உருட்டல். மனதில் தோன்றும் சொற்களை எடுத்தால் பயனில்லை, அவற்றை ஊகிக்க முடியும். தாளில் எழுதி வையுங்கள். போனும் தொலைந்து கடவுச்சொல்லும் மறந்துபோனால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.

இதில் பலர் சறுக்குவது ஐபோனில். முழுப் போனுக்குமான ஐகிளவுட் பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தால், மறையாக்கம் இல்லாத இன்னொரு பிரதி அதன் வழியே போய்விடும். அதையும் நிறுத்த வேண்டும். எதிர்முனையில் இருப்பவரின் பேக்கப் திறந்திருந்தால் உங்கள் செய்திகளும் அதில் இருக்கும். முக்கியமான உரையாடல்களில், குறிப்பிட்ட காலத்தில் தானாக அழியும் ‘மறையும் செய்திகள்’ வசதியை இயக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, லிங்க்டு டிவைசஸ் பட்டியல், அதாவது உங்கள் கணக்கோடு இணைந்த கருவிகள். போன் சில நிமிடம் பிறர் கையில் இருந்தாலே ஒரு கணினியை இணைத்துவிடலாம். தெரியாத கருவி இருந்தால் உடனே நீக்குங்கள். கணக்கைத் திறக்கும் சரிபார்ப்புக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வருவதால், சிம்மைக் கட்டுப்படுத்துபவர் உங்கள் கணக்கை வேறு போனில் திறக்கப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதே போன்ற செய்திச் செயலியான சிக்னலில் ரெஜிஸ்ட்ரேஷன் லாக் இதைத் தடுக்கும்; இரண்டும் கூடுதலாக நீங்கள் வைத்த பின் எண்ணைக் கேட்கும்.

டெலிகிராமை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அதன் சாதாரண உரையாடல்களும் குழுக்களும் முழு மறையாக்கத்தில் இல்லை. சீக்ரெட் சாட் மட்டுமே அப்படி.

உள்ளடக்கத்தைப் பூட்டினாலும், யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் மிச்சமிருக்கும். ஒருவரின் தொடர்பு வட்டத்தை வரைய அதுவே போதும். 2016-இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தபோது சிக்னலிடம் கொடுக்க இருந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். தகவல் தருபவர்களைக் காக்க வேண்டிய வேலையில் இருப்பவர்கள் சிக்னலுக்கு மாறுவதே நல்லது. உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியே அனுப்பும் விபிஎன் இதற்கு மாற்று ஆகாது. இணைய நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். டோர் பிரவுசர் மூன்று கணினிகள் வழியே சுற்றிப் போவதால் மேலானது. ஆனால் அதில் சொந்தப் பெயரில் உள்ள கணக்கைத் திறந்தால் சுற்றியது வீண்.

சோதனைச் சாவடி போன்ற இடங்களுக்கு முன் போனை முழுவதும் அணைத்துவிடுங்கள். மறுபடி இயக்கினால் கடவுக்குறியைத் தட்டும்வரை கைரேகையும் முகமும் திறக்காது. உள்ளிருக்கும் தரவின் பெரும்பகுதியும் மறையாக்கத்திலேயே இருக்கும். வெறும் திரைப்பூட்டில் இந்தக் காப்பு இல்லை.

பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் போனுக்குள்ளேயே புகுந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. திரையில் நீங்கள் படிப்பதை அதுவும் படிக்கும். அந்த அளவு ஆபத்து உள்ளவர்கள் ஐபோனில் லாக்டவுன் மோடை இயக்கலாம். ஐஓஎஸ் 16 முதல் இருக்கிறது. செய்திகளோடு இணைத்து வரும் பலவகைக் கோப்புகள் திறக்காது, சில இணையதளங்கள் கோணலாகத் தெரியும். தாக்குதல் நுழையும் வாசல்களை அடைப்பதால் வரும் சங்கடங்கள் அவை.