பழைய ரெனோ லாட்ஜி வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

ஒரகடம் ஆலையில் தயாராகி 2015-ல் விற்பனைக்கு வந்த மூன்று வரிசை டீசல் காரான லாட்ஜி, 2020-ல் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு நின்றுபோனது. 2,810 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), கார் போன்ற ஓட்டம், கடைசி வரிசையிலும் பெரியவர்கள் உட்காரும் இடம் என்று குடும்பத்துக்கு உண்மையிலேயே நல்ல வண்டி.

"கம்பெனி நிறுத்திவிட்டது, இன்ஜின் பார்ட்ஸ் கிடைக்காது" என்ற பயம் தேவையற்றது. டஸ்ட்டர், டெரானோ, சன்னி டீசலில் உள்ள அதே 1.5 லிட்டர் கே9கே இன்ஜின்தான் இதிலும். பயப்பட வேண்டியது பாடி பாகங்களுக்கு. டெயில் லேம்ப், பம்பர், கதவுக் கண்ணாடி, உள் பிளாஸ்டிக் எல்லாம் லாட்ஜிக்கே உரியவை. இவற்றில் உடைசல் இருந்தால் "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். பாகம் கைக்குக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டறிந்த பிறகே வண்டிக்கு விலை பேசுங்கள்.

பெரிய செலவு வைப்பது டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் ரப்பர் பட்டை. இந்த இன்ஜினில் செயின் கிடையாது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலையில் போய் நிற்கும். ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது தவறு. குறைவாக ஓடியிருந்தாலும் வயதாக ஆக ரப்பர் கெட்டுவிடும். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டோடு டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கும் உருளை), வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பழைய பம்ப் பிறகு கசிந்தால் அதே வேலைக்கு இரண்டாவது முறை லேபர் கொடுக்க நேரிடும். இன்ஜின் ஆயிலை 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலோ அப்போது மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் கிராங்க் பேரிங் தேயும்.

லாட்ஜி 85 பிஎஸ், 110 பிஎஸ் (பிஎஸ் என்பது இங்கே குதிரைத்திறன்) என இரு வகைகளில் உண்டு. 110 பிஎஸ்தான் உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்கள் அதிகம். ஆறு கியரும் 245 நியூட்டன் மீட்டர் டார்க்கும் நெடுஞ்சாலைக்கு அருமை. ஆனால் டர்போ எழும்வரை இன்ஜின் சோம்பலாக இருக்கும். நகர நெரிசலில் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டினால் அது சீக்கிரம் தேயும். தினமும் ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் ஐந்து கியர் கொண்ட 85 பிஎஸ் போதும்.

மூன்றாம் வரிசை சீட்டைக் கழற்றி எடுக்க முடியும். பலர் கழற்றி வீட்டு மூலையில் போட்டுவிட்டு வண்டியை மட்டும் விற்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கைக்குச் சீட்டும் பெல்ட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். சீட்டைத் திரும்பப் பொருத்தும்போது கொக்கியில் மண் இல்லாமல் துடைத்து, மாட்டியதும் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று வரிசையும் விரித்திருந்தால் டிக்கி வெறும் 207 லிட்டர். ஏழு பேருக்கும் பெட்டி அதில் அடங்காது. ஆள் நிறைய ஏறும் நாளில் கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள முழுச் சுமை அளவுக்குப் பின் டயரில் காற்று ஏற்றிவிடுங்கள்.

ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எல்லா வேரியன்ட்டிலும் இல்லை. வண்டியில் ஒட்டியிருக்கும் வேரியன்ட் பேட்ஜை நம்பாமல், சாவி போட்டதும் அந்த விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள்.

டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கு 2025 வரை கடுமையான தடை இருந்ததால் அங்கிருந்து லாட்ஜிகள் மலிவாக வந்தன. விலையை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டாம். தடையில்லாச் சான்று கைக்கு வந்ததா, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எவ்வளவு என்று ஆர்டிஓவில் கேட்டு, 15 ஆண்டுப் பதிவில் மீதி எத்தனை ஆண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.