தெருவில் கிடைத்த நாய்க்குச் சொந்தக்காரர் இல்லை என்று யார் சொன்னது?

பிராணிகளை மீட்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வரும். மனசு நல்ல மனசுதான். ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆரம்பத்தில் நாங்கள் அடித்த கூத்தெல்லாம் வரிசை மாறாமல் திரும்ப நடக்கிறது. தண்ணீர் வையுங்கள், கிட்டே போகும்போது கவனம், அடிபட்டிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

துரத்துவது

மிரண்ட நாயின் பின்னால் ஓடாதீர்கள். அது உங்களைவிட வேகமாக ஓடும், ஓடுகிற திசையில் வண்டிகள் வரும். நாலு பேர் சேர்ந்து சுற்றி வளைப்பது இன்னும் மோசம். பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தில் போடுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம். அந்தப் பொறுமை இல்லையென்றால் இருக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

‘யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்று முடிவு கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு நாய் கண்ணில் படுகிறது. விலா எலும்பு எண்ணலாம் போலிருக்கிறது, காதெல்லாம் உண்ணி, கையைத் தூக்கினாலே சுருண்டு படுத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் கதை தயார்: அடித்து, பட்டினி போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போன பாவிகள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இடிச் சத்தத்துக்கு மிரண்டு கதவிடுக்கில் நழுவிய நாய், இரண்டு மூன்று வாரம் வெளியில் அலைந்தாலும் இதே கோலத்தில்தான் இருக்கும். வீட்டில் செல்லமாக வளர்ந்ததுகூட பயத்தில் இருக்கும்போது சொந்த எஜமானர் குரலுக்கே ஓடி ஒளியும். மெலிவையும் நடுக்கத்தையும் வைத்து அதன் பழைய வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட முடியாது.

ஒருமுறை ஒரு பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு தம்பி, தான் கண்டெடுத்த நாயை இரண்டே நாளில் தனக்குத் தெரிந்த குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டான். சில மாதம் கழித்து அந்தக் குடும்பம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மருத்துவர் ஸ்கேனரை வைத்துப் பார்த்திருக்கிறார். தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட சிப். அந்த எண்ணுக்குப் பதிவில் இருந்தவர்களோ சுவரொட்டி ஒட்டித் தேடி ஓய்ந்துபோன குடும்பம். இரண்டு வீட்டாரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் நாள் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னேன். போனில் பெரிதாக்கிப் பார்த்தால், கழுத்தைச் சுற்றி ரோமம் படிந்து, தேய்ந்து, ஒரு விரல் அகலத்துக்கு வளையம்.

“பட்டை இருந்துச்சா?”

“இருந்துச்சுண்ணே. ஒரே அழுக்கு, நாத்தம். அறுத்துப் போட்டுட்டேன்.”

“அதுல ஏதாவது தொங்குச்சா?”

பையன் வாயைத் திறக்கவில்லை. நாய் பழைய வீட்டுக்கே போனது. புது வீட்டுச் சின்னப்பெண் என்னைத்தான் முறைத்தாள். அவளிடம் நான் என்ன சொல்ல?

ஸ்கேனரை வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, பல கால்நடை மருத்துவர்களிடமும் காப்பகங்களிலும் இருக்கும். சிப் ஓர் அரிசி அளவுதான், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடுவார்கள். அதில் பேட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்றெல்லாம் அது காட்டாது. ஸ்கேனர் அருகில் வந்தால் தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவே. இப்போது பரவலாகப் போடப்படும் சிப்பில் 15 இலக்கம். சில சிப்புகள் போட்ட இடத்திலிருந்து நகர்ந்து தோளுக்கோ முன்னங்காலுக்கோ இறங்கியிருக்கும். அதனால் முதுகில் ஒரு தடவை காட்டிவிட்டு ‘சிப் இல்லை’ என்று எழுதாதீர்கள். தோள், மார்பு, முன்னங்கால்கள் என்று மெதுவாக, இரண்டு முறை. பழைய ரகச் சிப்புகள் வேறு அலைவரிசையில் இயங்குவதால் எல்லா ஸ்கேனருக்கும் பிடிபடாது. முடிந்தால் இன்னோர் இடத்திலும் காட்டுங்கள்.

எண் கிடைத்து, பதிவேட்டில் அதற்கு நேராக இருக்கும் தொலைபேசிக்குப் போட்டால் ‘உபயோகத்தில் இல்லை’ என்று வரும். அத்தோடு கையைக் கழுவுகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், தெருவில் கிடைத்துக் காப்பகத்துக்கு வந்த நாய்களில் மொத்தமாகச் சுமார் 22 விழுக்காடுதான் சொந்தக்காரரிடம் திரும்பின. சிப் இருந்தவற்றில் 52 விழுக்காடு. பூனைகளில் இது 2க்கும் கீழே, சிப் இருந்தால் 38. சிப் இருந்தும் சொந்தக்காரரைப் பிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண். அப்படியானால் பதிவேட்டில் இருக்கும் மாற்று எண், முகவரி, சிப் போட்ட மருத்துவமனை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

சிப் இல்லையென்றாலும் கதை முடிந்துவிடவில்லை. கிடைத்த இடம், நேரம், படங்கள், கழுத்தில் இருந்த ஒவ்வொரு பொருளும் பத்திரமாக இருக்கட்டும். அக்கம்பக்கம் விசாரியுங்கள், உள்ளூர் நிர்வாகத்துக்கும் காப்பகங்களுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். கிடைத்த இடத்துக்கு அருகிலேயே வைத்திருப்பது நல்லது. பூனை என்றால் கட்டாயம். தொலைந்த பூனைகளைப் பற்றி 2018இல் வந்த ஓர் ஆய்வில், திரும்பக் கிடைத்தவற்றில் முக்கால்வாசி தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. நீங்கள் அதை ஊரின் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், சொந்தக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வெறும் புதரைத்தான் துழாவுவார்.

அறிவிப்புப் போடும்போது எல்லா அடையாளத்தையும் கொட்டாதீர்கள். வாலடியில் ஒரு வெள்ளைப் புள்ளி, உடைந்த ஒரு பல் என்று ஏதாவது ஒன்றை ஒளித்து வையுங்கள். “அது என்னுடையதுதான்” என்று வருகிறவர் அதைத் தானாகச் சொல்லட்டும். பழைய படங்கள், தடுப்பூசி அட்டை இரண்டையும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நிஜச் சொந்தக்காரர் போன் நிறையப் படம் வைத்திருப்பார். அப்புறம் இன்னொன்று: பல நாடுகளில், கண்டெடுத்ததாலேயே பிராணி உங்களுடையது ஆகிவிடாது. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை உள்ளூர் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத் தத்தைப் பற்றிப் பேசுங்கள்.

குட்டிகளை அள்ளிக்கொண்டு வருவது

மூலையில் நாலு பூனைக்குட்டிகள் தனியாகக் கிடந்தால் தாய் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரை தேடப் போயிருக்கும், மணிக்கணக்கில் திரும்பாமலும் இருக்கும். நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால் வரவே வராது. குட்டிகள் வயிறு நிரம்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அமைதியாகத் தூங்கினால் தாய் வந்து போகிறது. சந்தேகமாக இருந்தால் சுற்றிலும் மெலிசாக மாவு தூவிவிட்டுப் போங்கள், காலடித் தடம் பதில் சொல்லும். விடாமல் கத்தினால், தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தால் அப்போது எடுக்கலாம்.

எடுத்த கையோடு பால் புகட்டுவது அடுத்த அபத்தம். சின்னக் குட்டிகளால் தங்கள் உடல் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த குட்டிக்குச் செரிமானமும் ஓடாது. முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், பிறகுதான் பால். அதுவும் மாட்டுப்பால் கூடாது, வயிற்றுப்போக்கிலேயே போய்விடும். குட்டிகளுக்கென்று விற்கும் பால்பொடி வாங்குங்கள். குழந்தையை ஏந்துவதுபோல் மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கும். குப்புற, தலை லேசாக நிமிர்ந்த நிலையில். மூன்று வாரத்துக்குக் குறைந்த குட்டி தானாகச் சிறுநீர்கூடக் கழிக்காது. ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் வருடிவிட வேண்டும். தாய் நாக்கால் செய்யும் வேலை அது.

பாராசிட்டமால்

பூனைக்குக் கொடுத்தால் செத்துவிடும். ஒரு மாத்திரை போதும்.

பட்டினி கிடந்ததற்கு விருந்து வைப்பது

பல நாள் காய்ந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பேட் உள்ளிட்ட உப்புகள் சரிந்து இதயம் வரை பாதிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. மிகவும் மெலிந்திருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

வீட்டில் இருப்பவற்றோடு உடனே கலப்பது

இரண்டு வாரமாவது தனி அறை, தனிக் கிண்ணம். நாய்க்கு உயிரையே பறிக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு மசியாது. தரைக்கு, 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்று கலந்த பிளீச் வேண்டும்.

காது நுனி வெட்டுப்பட்ட பூனை

காயமென்று பதறாதீர்கள். கருத்தடை முடித்து விட்ட பூனைக்குப் பல இடங்களில் வைக்கும் அடையாளம் அது. நன்றாக நடமாடினால் அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

“சின்னக் கீறல்தானே”

பல் பட்டாலோ, தோல் கீறி இரத்தம் எட்டிப் பார்த்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. பிறகு அன்றைக்கே மருத்துவமனை. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அனேகமாக முடியாது. கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள் என்பதைக் கேள்விப்பட்டு, அந்த 10 நாளும் ஊசி போடாமல் காத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாயைக் கவனிப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், முதல் ஊசி அன்றே போட்டாக வேண்டும். 10 நாள் கழிந்தும் நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசிகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.